பிழைக்கும் வாய்ப்பும் ஏவியவரின் பொறுப்பும்

பீபர், இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில் ஜெர்மானியக் கடற்படை கட்டிய ஒற்றை ஆள் நீர்மூழ்கி. நீளம் ஏறத்தாழ 9 மீட்டர், எடை ஆறரை டன். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு டார்பிடோக்கள். மூழ்கியிருக்கும்போது மின்மோட்டாரும், நீர்மட்டத்தில் செல்லும்போது 32 குதிரைத்திறன் பெட்ரோல் எஞ்சினும் அதை ஓட்டின. அந்த எஞ்சின் லாரிக்கு உரியது. எளிதில் கிடைத்ததால் தேர்ந்தெடுக்கப்பட்டது. மாலுமி உட்கார்ந்திருக்கும் அதே உலோகக் கூட்டுக்குள் அது ஓடியதால், மணமில்லாத கார்பன் மோனாக்சைடு அவனைக் கொல்லக்கூடும் என்பது கட்டியவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் 324 படகுகள் கட்டப்பட்டன. 1945 ஜனவரி முதல் ஏப்ரல் வரை பீபரும் அதன் இனத்தைச் சேர்ந்த மோல்ஹும் 102 முறை கடலில் இறங்கின, 70 திரும்பவில்லை. அவை மூழ்கடித்தவை ஏழு சிறு கப்பல்கள், மொத்தம் 491 டன்.

இதைத் தற்கொலை ஆயுதம் என்று சொல்லலாமா? அதே காலத்தில் ஜப்பான் இறக்கிய கைட்டென் டார்பிடோவில் மனிதன் குண்டோடு சேர்ந்தே வெடித்தான். பீபரின் மாலுமியோ டார்பிடோவை ஏவிவிட்டுத் திரும்பலாம் என்பதே ஏற்பாடு. கிறித்தவ அறவியல் இந்த வேறுபாட்டைப் பெரிதாகவே எடுத்துக்கொள்கிறது. கொலை செய்யாதே என்னும் கட்டளை தன்னுயிருக்கும் பொருந்தும் என்று அகஸ்டின் 'கடவுளின் நகரம்' முதல் நூலில் வாதிட்டார். தூண்களைச் சாய்த்துத் தானும் மாண்ட சிம்சோனுக்கு, இறைவனின் மறைவான ஆணை என்று விலக்குக் கொடுத்தார். 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ், தற்காப்பைப் பற்றிப் பேசுகையில், ஒரு செயலுக்கு இரண்டு விளைவுகள் இருக்கலாம், ஒன்று நாடியது, மற்றொன்று நாடாமல் நேர்வது என்று பிரித்தார். பின்வந்த இறையியலாளர்கள் இதை இரட்டை விளைவுக் கோட்பாடாக வளர்த்தார்கள். செயல் தன்னளவில் தீயதாக இருக்கக் கூடாது. தீய விளைவை நாடக் கூடாது. நன்மைக்கு அத்தீமையே வழியாகவும் கூடாது. தீமையைப் பொறுத்துக்கொள்ளத் தக்க பெருங்காரணம் வேண்டும்.

மாலுமியின் பக்கமிருந்து பார்த்தால் அவன் தன் சாவை நாடவில்லை. அவன் செத்தால் எதிரிக் கப்பல் மூழ்கப்போவதுமில்லை. ஆகவே தற்கொலை என்னும் பெயர் அவனுக்குப் பொருந்தாது. நான்காம் நிபந்தனையில்தான் சிக்கல். 491 டன்னுக்காக எழுபது படகுகள் என்பது எந்தத் தராசிலும் நிற்காது. அது எந்த ஆட்சிக்காக நடந்த போர் என்பதைச் சேர்த்தால் நிறுப்பதற்கே ஒன்றுமில்லை.

இக்கோட்பாடு ஒரே மனச்சான்றை மட்டும் விசாரிக்கிறது என்பதே அதன் குறை. பீபரின் கதையில் சாகத் துணிபவன் வேறு, சாவை முன்னறிந்தவர் வேறு. 'திரும்பி வருவேன்' என்பது மாலுமியின் வாயில் நேர்மையான நம்பிக்கை. இழப்புப் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் அதிகாரிக்கு அது வெறும் விகிதம். பிழைக்கும் வாய்ப்பு மாலுமியை எவ்வளவு காத்ததோ தெரியாது. அனுப்பியவரின் மனச்சான்றை நன்றாகவே காத்தது. எந்தத் தளபதிதான் சிலர் சாவார்கள் என்று அறியாமல் படையை ஏவுகிறார் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் காலாட்படை வீரனைக் கொல்வது எதிரியின் குண்டு. பீபரின் மாலுமியைக் கொல்ல அவன் படகே போதும். 1944 டிசம்பர் 29 அன்று டோவருக்கு அப்பால் பிரிட்டிஷ் கண்ணிவாரிக் கப்பலொன்று கண்டெடுத்த 90ஆம் எண் படகில் மாலுமி எஞ்சின் புகையால் இறந்து கிடந்தான். அந்தச் சாவை யாரும் நாடவில்லை. அதனால் யாருக்கும் பயனுமில்லை. தியாகம், தற்கொலை இரண்டிலும் சேராத அதை அலட்சியக் கொலை என்று சொல்வதே பொருந்தும்.

1797இல் வெளிவந்த 'ஒழுக்கவியலின் மெய்ப்பொருளியல்' நூலில் காண்ட், நாட்டுக்காகத் தெரிந்தே சாவில் குதிப்பது தற்கொலையா என்ற கேள்வியை எழுப்பி, விடை கூறாமல் விட்டார். குதிப்பவனின் விருப்பம் அவனுடையது என்பதை அந்தக் கேள்வி முன்கூட்டியே ஏற்றுக்கொள்கிறது. பீபரில் அதுவும் உறுதியில்லை. குட்டி நீர்மூழ்கிப் படைக்குத் தலைமை வகித்த ஹெல்முத் ஹைய, மாலுமிகள் உறக்கமின்றி நாள்கணக்கில் இயங்க ஒரு மருந்து கேட்டார். கொக்கைன், மெத்தம்பெட்டமின், ஆக்சிகோடோன் கலந்த டி-9 என்னும் மாத்திரை உருவாயிற்று. 1944 நவம்பரில் ஸாக்ஸன்ஹவுசன் வதைமுகாமில், காலணிகளைச் சோதிக்கப் போட்டிருந்த ஓடுதளத்தில், முதுகில் சுமையோடு கைதிகளை ஓயாமல் நடக்கவைத்து அது சோதிக்கப்பட்டது. மாத்திரையை விழுங்கியபின் படகில் அமர்பவனிடம் எஞ்சும் துணிவில் எவ்வளவு அவனுடையது என்று இரட்டை விளைவுக் கோட்பாட்டின் நான்கு நிபந்தனைகளில் எதுவும் கேட்பதில்லை. கைதிகளைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியே எழாது: அவர்களுக்குத் துணிவதா மறுப்பதா என்னும் தேர்வே இருக்கவில்லை.