மக்களுக்குப் பணி

'லெய்தூர்கியா' என்னும் கிரேக்கச் சொல்லைக் கிறிஸ்தவத் திருச்சபைகள் திருவழிபாட்டுக்குப் பெயராக வைத்திருக்கின்றன. அந்தச் சொல் முதலில் வழங்கியது ஏதென்ஸ் நகரின் பொதுவாழ்வில்.

வசதி படைத்தவர்கள் தங்கள் கைப்பணத்தில் ஊருக்குச் செய்தாக வேண்டிய கடமைக்கே அங்கு அந்தப் பெயர். திருவிழா நாடகத்தின் பாடற்குழுவைத் திரட்டி, உடை கொடுத்து, பயிற்சிக்கும் செலவழிப்பது ஒரு கடமை. போர்க்கப்பல் ஒன்றை ஓராண்டு பராமரித்து நடத்துவது இன்னொன்று. கி.மு. 472இல் ஈஸ்கிலஸின் 'பாரசீகர்கள்' நாடகம் அரங்கேறியபோது பாடற்குழுச் செலவை ஏற்றவர் அப்போது இளைஞராக இருந்த பெரிக்கிளிஸ். கடமை வந்தவர், "என்னைவிட இவர்தான் பணக்காரர்" என்று இன்னொருவரைக் கைகாட்டலாம். அவர் கடமையை ஏற்க வேண்டும். இல்லையேல் இருவரும் சொத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். ஒத்துவராவிட்டால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போகும்.

சொல்லைப் பிரித்தால் முற்பகுதி மக்களுக்குப் பொதுவானதைக் குறிக்கும். பிற்பகுதியான 'எர்கோன்' என்பது பணி. தமிழில் 'மக்கள் பணி' என்று தொகையாகச் சொல்லும்போது உருபு மறைந்துவிடுகிறது. அது மக்களது பணியா, மக்களுக்குப் பணியா? மக்கள் கூடிச் செய்வது என்றே இன்று பலரும் விளக்குகிறார்கள். ஏதென்ஸ் வழக்கோ நான்காம் வேற்றுமையின், அதாவது 'கு' உருபின், பக்கம் நிற்கிறது. செய்தவர் ஒருவர், பயன் ஊருக்கு.

பின்னாளில் எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள், குருக்களின் ஆலய ஊழியத்துக்கு இச்சொல்லை எடுத்துக்கொண்டார்கள். லூக்கா நற்செய்தியில் குருவான சகரியாவின் ஆலயப் பணிக்கும் இதே சொல்தான். பவுலடியார் அதை இன்னொரு இடத்திலும் வைத்தார். எருசலேமில் வறுமையில் வாடியவர்களுக்காகத் திரட்டிய நன்கொடையைப் பற்றி எழுதும்போது, 2 கொரிந்தியர் 9:12இல், அந்த உதவியையும் 'லெய்தூர்கியா' என்றார். பீடத்தில் நடப்பதற்கும் பசித்தவருக்குப் போய்ச் சேரும் காசுக்கும் அவரிடம் ஒரே பெயர்.

நம் வழிபாட்டின் பயன் நம்மோடு நின்றுவிட்டால் அதில் ஓர் உருபு குறைகிறது. இன்று நீங்கள் கைகூப்பும்போது, உதவி தேவைப்படும் ஒருவரின் பெயரோடு அந்தக் 'கு'வைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பொழுது சாய்வதற்குள் அவருக்கு ஏதேனும் செய்துவிடுங்கள்.