காத்து நிற்பதும் அறமே

புறப்பொருள் இலக்கணம் கண்ட தமிழர், போரைத் தாக்குதல் என்று மட்டும் கருதவில்லை. கோட்டையை முற்றுகையிடுவோர்க்கு உழிஞைப் பூவைச் சூட்டியவர்கள், அதனை உள்ளிருந்து காப்போர்க்கு நொச்சிப் பூவைச் சூட்டினர். புறப்பொருள் வெண்பாமாலை நொச்சியைத் தனித் திணையாகவே வகுத்துள்ளது. காத்தலும் வீரமே என்பது இதன் கருத்து. ஆயினும், நடைமுறை வாழ்வில் புகழ் எவரைத் தேடிச் செல்கிறது? வென்றெடுத்தவரையா, இழக்காமல் காத்தவரையா? இவ்வினாவை ஆராய்வதற்கு ஆடுகளம் ஏற்றதோர் இடமாகும்.

பேராக் மாநிலத்தின் தலைநகரான ஈப்போ, ஹாக்கி எனப்படும் வளைகோற்பந்தாட்டத்தால் பெயர் பெற்ற நகரம். சுல்தான் அஸ்லான் ஷா பெயரால் 1983ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற கிண்ணப் போட்டி அந்நகரில் பன்முறை நடைபெற்றுள்ளது. அவ்வாட்டத்தில் பெனால்டி கார்னர் என்பது காப்போரைச் சோதிக்கும் கட்டம். கோல் காவலர் உட்பட ஐவர் மட்டுமே தம் எல்லைக் கோட்டின் பின்னே நின்று காக்கலாம். ஏனையோர் நடுக்கோட்டிற்கு அப்பால் சென்றுவிட வேண்டும். பந்து உள்ளே தள்ளப்பட்டதும், ஐவருள் ஒருவர் அதனை அடிக்கவிருப்பவரை நோக்கி நேரே ஓடுகிறார். கோலின் ஒரு பக்கத்திற்குச் செல்லும் வழியைத் தம் உடலாலும் மட்டையாலும் அடைப்பதே அவர் பணி. அவ்வழி அடைபடும் என்று நம்பி, கோல் காவலர் மறுபக்கத்தில் கருத்தைச் செலுத்துகிறார்.

முன்னோடுபவர் அச்சத்தால் அரையடி விலகினாலும் போதும். அவர் விட்ட வழியே பந்து கோலுக்குள் புகுந்துவிடும். பார்ப்போர் கோல் காவலரைப் பழிப்பர். பிழை ஓரிடத்தில் நிகழ, பழி வேறோரிடத்தில் விழுகிறது. அவர் விலகாது ஓடியதால் அடித்தவரின் குறி தவறினாலோ, எந்த ஏட்டிலும் அது பதிவாவதில்லை.

கோலாலம்பூரில் 1975இல் நடைபெற்ற உலகக் கிண்ண அரையிறுதியில் மலேசியா 2-1 என இந்தியாவை முந்தி நின்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் ஒரு பெனால்டி கார்னரை அஸ்லம் ஷேர் கான் கோலாக்கிச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் இந்தியா 3-2 என வென்றது. அஸ்லம் ஷேர் கானும் ஒரு தற்காப்பு ஆட்டக்காரரே. ஆயினும் வரலாறு அவரை நினைவிற் கொண்டிருப்பது, அவர் தடுத்த பந்துகளுக்காக அன்று. அடித்த அந்த ஒரு கோலுக்காகவே.

பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் உழைத்த தமிழர்க்கு இவ்வுண்மை புதிதன்று. பால்மரம் சீவுபவரின் கத்தி சற்றே ஆழ இறங்கி மரத்தைப் புண்படுத்தினால், புதிய பட்டை மேடும் பள்ளமுமாக வளரும். பின்னர் அவ்விடத்தில் செவ்வையாகச் சீவ இயலாது. வாளியில் சேர்ந்த பாலை அன்றைக்கே நிறுத்தார்கள். காயம் கண்டால் கண்டித்தார்கள். பல்லாண்டுகள் காயமின்றிக் காக்கப்பட்ட மரத்தை நிறுக்கத் தராசு இருக்கவில்லை.

இங்கே ஒரு தடை எழலாம். துரை, கிராணி, கங்காணி என்ற படிவரிசையின் அடியில் இருந்தோர்க்கும் "உன் இடத்தில் நில்" என்றே சொல்லப்பட்டது. தன்னிடத்தில் நிற்பது அறமாயின், அடங்கிக் கிடப்பதும் அறமாகிவிடாதா?

ஆகாது. இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை ஆடுகளமே காட்டுகிறது. தோழர் ஒருவர் ஏமாற்றப்பட்டால், அருகில் நிற்பவர் தம் இடத்தை விட்டு அவர் இடத்திற்கு விரைகிறார். இவர் விட்ட இடத்தை மூன்றாமவர் நிரப்புகிறார். அங்கே நிலை என்பது கட்டிப்போட்ட முளையன்று. ஒருவர்க்கொருவர் அளித்துக்கொண்ட வாக்கு. வெற்றி கிட்டினால் பதக்கமும் அனைவர்க்கும் ஒன்றே. தோட்டத்தில் நிகழ்ந்தது அதுவன்று. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்பிற்கும் மாற்றப்பட்டும் போனபோது, தலைமுறை தலைமுறையாக மரங்களைக் காத்தவர்களுள் பலர் சொந்த வீடுமின்றி லயங்களை விட்டு வெளியேறினர். அவர்கள் தம் நிலையில் தவறவில்லை. அவர்கள் பக்கம் விரைந்து வந்து நிற்க வேண்டியவர்களே வரவில்லை.

ஆகவே, தன் நிலையைக் காத்தல் அறமாவதற்கு இரண்டு வேண்டும். காப்பவனைக் காக்கப் பிறர் இருத்தல் வேண்டும். காத்ததன் பயனில் அவனுக்கும் பங்கு இருத்தல் வேண்டும். இவ்விரண்டும் இல்லாத இடத்தில் நிலைத்து நிற்கச் சொல்வது அறிவுரையன்று, சுரண்டல். இவ்விரண்டும் உள்ள இடத்தில் நிலை விட்டு ஓடுவது, துணிவு போலத் தோன்றினும், தோழர்க்கு இழைக்கும் துரோகம்.

பள்ளித் திடலில் கோல் அடித்த மாணவனைத் தோளில் தூக்குவது இயல்பே. பின்வரிசையில் நின்றவனின் பெயரையும் ஆசிரியர் அன்று உரக்கச் சொல்வாராயின், நொச்சிப் பூ இன்னும் வாடவில்லை என்று கொள்ளலாம்.