பிறர் வலி

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று ஒரு பழமொழி சொல்கிறோம். வயதில் மூத்தவர்கள் இளையவர்களைப் பார்த்துச் சற்றுப் பெருமையோடு சொல்கிற வார்த்தை இது. நின்று யோசித்தால் கொஞ்சம் பயமாகக்கூட இருக்கிறது. தனக்கு வந்தால்தான் தெரியும் என்றால், பிறருக்கு வந்தது தெரியவே தெரியாது என்றுதானே பொருள்? காய்ச்சலை அளக்கக் கருவி இருக்கிறது. எலும்பு முறிந்தால் படம் எடுத்துப் பார்த்துவிடலாம். வலிக்கு இருப்பது ஒரே சாட்சி. அதை அனுபவிப்பவனுடைய வாய்ச்சொல். அந்தச் சாட்சியை நம்புவதா, தள்ளுவதா என்று தீர்மானிப்பவரோ வலி இல்லாத இன்னொருவர்.

பிசியோதெரபி அறை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். மூன்று பேர் காத்திருக்கிறார்கள். மூவருக்கும் வலது தோள் இறுகிவிட்டது. கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. ஒருவர், நம் பக்கத்தில் இன்னும் எஞ்சியிருக்கும் பனையேறிகளில் ஒருவர். இன்னொருத்தி நாலு பேருக்குச் சமைத்துப்போடும் நடுத்தர வயதுக் குடும்பப்பெண். மூன்றாமவர் ஓய்வு பெற்ற அதிகாரி. பயிற்சியாளர் இன்னும் வாய் திறக்கவில்லை. ஆனால் மனத்துக்குள் மூன்று தீர்ப்புகள் எழுதியாகிவிட்டன. பனையேறிக்கு உழைத்து உரமேறிய உடம்பு, தாங்குவார். அந்த அம்மாளுக்குப் பாதி வலி தோளில், பாதி வீட்டில். அதிகாரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும், பார்த்துப் பதமாகச் செய்ய வேண்டும்.

இதில் யாரும் கொடியவர் அல்லர். முதல் தீர்ப்பு ஒரு பாராட்டைப்போலவே ஒலிக்கிறது. ஆனால் "தாங்கும் உடம்பு" என்று ஒருவனைப் பாராட்டிவிட்டால், அவன் தாங்கமுடியவில்லை என்று சொல்லும் உரிமையை அவனிடமிருந்து பறித்துக்கொண்டதாகிறது. அமெரிக்காவில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் 2016-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். கறுப்பர்களின் தோல் வெள்ளையருடையதைவிடத் தடிப்பானது என்பன போன்ற பொய்களில் ஒன்றையாவது, அவர்கள் கேட்ட வெள்ளை மருத்துவ மாணவர்களிலும் பயிற்சி மருத்துவர்களிலும் ஏறக்குறையப் பாதிப்பேர் நம்பினார்கள். அப்படி நம்பியவர்கள் கறுப்பரின் வலியைக் குறைத்தே மதிப்பிட்டார்கள். பாடப் புத்தகத்தில் இல்லாத பாடம் இது. ஊரிலிருந்தே படித்துக்கொண்டு வந்தது.

நம் ஊரும் பாடம் சொல்லிக்கொடுக்காமல் இல்லை. திருவிதாங்கூரில் ஒருத்தி மேல்துணி அணியலாமா என்பதைச் சாதி தீர்மானித்தது. நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ள அரசாணை பிறந்தது 1859-இல். எல்லா இந்துக்களுக்கும் அரசுக் கோயில்கள் திறக்கப்பட்டது 1936-இல். இன்னார் இன்னாரிடமிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று கணக்கு வைத்திருந்த மண் இது. அதே மண்ணில்தான் தொட்டுச் செய்கிற வைத்தியமும் தழைத்தது. படுவர்மம் பன்னிரண்டு, தொடுவர்மம் தொண்ணூற்றாறு என்று விரல்நுனியால் உடம்பைப் படித்த வர்ம ஆசான்கள் இங்கே வாழ்ந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். கையால் செய்யும் வைத்தியத்தில் ஒரு நேர்மை உண்டு. மருந்து எழுதுகிறவர் முகத்தை மறைத்துக்கொள்ளலாம். தடவுகிறவரால் கையை மறைக்க முடியாது. அது தயங்குகிறதா, அவசரப்படுகிறதா, அருவருக்கிறதா என்பதைப் படுத்திருப்பவனின் தோல் அறிந்துகொள்ளும்.

அருவருப்பு எப்படி அறிவின் வேஷம் போட்டுக்கொள்ளும் என்பதற்கு வேலூரில் ஒரு சான்று இருக்கிறது. தொழுநோயாளிகளின் விரல்கள் நோயாலேயே அழுகி உதிர்கின்றன என்று வெகுகாலம் நம்பினார்கள். அழுகும் சதைக்குச் சிகிச்சை எதற்கு? மடங்கிய கையை நிமிர்த்தித்தான் என்ன பயன்? 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த பால் பிராண்ட் அந்தக் கைகளைத் தொட்டுப் பார்த்தார். தசை அழுகவில்லை. உணர்ச்சி செத்திருந்தது. சுடுவது தெரியாமல் பாத்திரத்தைப் பிடித்ததாலும், காயம் பட்டதே தெரியாமல் வேலை செய்ததாலும் வந்த சேதம் அது. தசைநாணை மாற்றிக் கட்டி, வாரக்கணக்கில் பயிற்சி கொடுத்தால் மடங்கிய விரல் நிமிரும் என்று அவரும் கூட்டாளிகளும் காட்டினார்கள்.

கதை அதோடு முடியவில்லை. கை நிமிர்ந்து ஊருக்குப் போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். யாரும் வேலை கொடுக்கவில்லை. முன்பு கோணிய கையைப் பார்த்து விழுந்த பிச்சையும் இப்போது விழவில்லை என்றார்கள். வெட்டித் தைத்தது கையை மட்டுந்தான். அந்தக் கை போய்ச்சேர வேண்டிய உலகம் அப்படியே இருந்தது. ஆகவே கல்லூரி வளாகத்திலேயே நவஜீவ நிலையம் என்று ஒன்றை அமைத்து, தச்சுவேலை கற்றுக்கொடுத்தார்கள். நோய்க்கு நல்ல மருந்து வந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும், தொழுநோயைக் காட்டி மணவிலக்குக் கேட்க நம் சட்டம் இடம் கொடுத்தது. அந்த இடத்தை அடைத்தது 2019-இல்தான். விரல் எத்தனையோ வேகமாக நிமிர்ந்துவிடுகிறது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். வலி என்று சொன்னவுடன் நிறுத்திவிட்டால் எந்தத் தோள்தான் இளகும்? வலிக்குப் பயந்து அசைக்காத மூட்டு மேலும் இறுகும். இறுகியது மேலும் வலிக்கும். வலியும் சேதமும் ஒன்றல்ல. 1944-இல் இத்தாலியின் ஆன்சியோ போர்முனையில் பீச்சர் என்ற அமெரிக்க மருத்துவர் கவனித்தார்: கடுமையாகக் காயம்பட்ட சிப்பாய்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர்தான் வலிக்கு மருந்து கேட்டார். ஊரில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களிலோ மிகப் பெரும்பாலோர் கேட்டார்கள். சிப்பாய்க்குக் காயம் என்பது உயிரோடு வீடு திரும்பச் சீட்டு. மற்றவனுக்கோ அது வாழ்க்கையில் விழுந்த இடி. ஆக மனம், குடும்பம், நாளைய கவலை எல்லாம் வலிக்குள் கலந்தே இருக்கின்றன. அப்படியானால் அந்த அம்மாளுக்குப் பாதி வலி வீட்டில் என்று நினைத்த பயிற்சியாளர் சொன்னது சரிதானே?

சரிதான். பிழை அந்தக் கண்டுபிடிப்பில் இல்லை. பாதி வீட்டில் என்றால் அந்தப் பாதியைக் கழித்துவிடலாம் என்று எண்ணுவதில்தான் பிழை. மனத்திலிருந்து வரும் வலி கூடுதலாக வலிக்குமே தவிர, பொய்யாக வலிக்காது. அதிகாரியின் மனமும் அவர் தோளில் கலந்துதான் இருக்கிறது. அவரிடம் யாரும் அதைக் கழிப்பதில்லை. யாரிடம் கழிக்கிறோம், யாரிடம் முழுக்கணக்கையும் ஒப்புக்கொள்கிறோம் என்பதில் நம்முடைய பாரபட்சம் வெளிப்படுகிறது.

வலியை நம்புவது வேறு, வலிக்குக் கீழ்ப்படிவது வேறு. "பாட்டா, நோவு எனக்குத் தெரியுது. இன்னும் ரெண்டு தடவ மட்டும் தூக்குங்க, பொறவு விட்டிரலாம்" என்று ஒரு பெண் சொல்லலாம். "சும்மா தூக்கும் ஓய், இதெல்லாம் ஒரு வலியா?" என்றும் ஒருவர் சொல்லலாம். தூக்கச் சொல்லும் உயரம் ஒன்றுதான். முதலில் கேட்டவர் நாளைக்கு வருவார். இரண்டாவது கேட்டவர் வரமாட்டார். அவருடைய சீட்டில் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதப்படும்.

அந்த ஒரு சொல் எத்தனை பேரை மூடி மறைக்கிறது! தினம் மூன்று வேளை பயிற்சி செய்யச் சொன்னதை அந்த அம்மாள் செய்யவில்லை. விடியற்காலை எழுந்து, தண்ணீர் பிடித்து, அரைத்து, பிள்ளைகளை அனுப்பி, மாமியாரைக் குளிப்பாட்டியபின் அவளுக்கு எந்த வேளை மிஞ்சியது என்று யாரும் கேட்கவில்லை. பனையேறியும் பாதியில் நின்றுவிட்டார். அக்கானிக் காலம் சில மாதந்தான். ஏறாத நாளைக்குக் கூலி இல்லை. பஸ்ஸுக்கும் காசு வேண்டும். கீழே விழுந்து முதுகெலும்பு முறிந்த தோழனை அவர் பார்த்திருக்கிறார். தோள் வலியோடு மரத்தில் கை வைக்கும்போதெல்லாம் அவர் தூக்கிக்கொண்டு ஏறுவது அந்தப் பயத்தையும் சேர்த்துத்தான்.

வேலூரில் மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் 1954-இல் ஒரு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். பிறகு வெளிநாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி, அந்தத் துறைக்கே தலைமை வகித்தார். அவர் "முயன்று பாருங்கள்" என்று சொன்னபோது எந்த நோயாளியும் "உங்களுக்கு என்ன தெரியும்?" என்று கேட்டிருக்கமுடியாது. பழமொழி சொல்வதைப்போல அவருக்குத் தனக்கு வந்தே தெரிந்திருந்தது.

ஆனால் வைத்தியம் செய்கிறவர்கள் எல்லாரும் முதுகெலும்பு முறிந்துதான் இரக்கம் கற்க வேண்டும் என்றால் உலகம் தாங்காது. தனக்கு வராததைத் தெரிந்துகொள்ள மனிதனுக்கு வேறு ஒரு வழியும் உண்டு. அது கேட்பது. வீட்டுக்குப் போய் என்ன வேலை செய்கிறீர்கள், எதற்குப் பயப்படுகிறீர்கள், யார் உதவி என்று மூன்று கேள்விகள். கேட்டுவிட்டுப் பதில் முடிகிறவரை காத்திருப்பது. தோளைத் தொடுமுன் இதற்குச் செலவாகும் நேரம் ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷத்தை அதிகாரிக்கு நாம் யாரும் சொல்லாமலே கொடுத்துவிடுகிறோம். பனையேறிக்கும் கொடுக்க வேண்டும்.