தண்ணீரும் ஓர் அமானத்

  

உயிருள்ள யாவற்றையும் தண்ணீரிலிருந்தே படைத்ததாக அல்லாஹுத் தஆலா திருமறையில் அறிவிக்கின்றான். தேங்கிய நீரில் சிறுநீர் கழிப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். நீர்த்துறையிலும் பாதையிலும் நிழலிலும் அசுத்தம் செய்வது சாபத்தைத் தேடித்தரும் என்றும் எச்சரித்தார்கள். ஏன்? அந்த நீர் நம் ஒருவருக்கே உரியதன்று. பின்னால் வருகிறவருக்கும் உரியது. அஃது ஓர் அமானத்.

நமது சிங்கப்பூர் ஆற்றையே பாருங்கள். சூலியாக்கள் எனப்பட்ட நம் முன்னோர் அதில் தோணி செலுத்திப் பிழைத்தார்கள். அந்த ஆறே பிற்காலத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கும் நிலைக்கு வந்தது. தெருக்கடைகளின் எச்சிலும், சாக்கடை இணைப்பில்லாத வீடுகளின் கழிவும் அதில் சேர்ந்தன. 1977-ல் தொடங்கிய துப்புரவுப் பணி முடியப் பத்து வருஷம் பிடித்தது. வாளியில் மலம் அள்ளும் வழக்கமும் 1987-ல்தான் ஒழிந்தது.

ஆற்றை ஒருமுறை சுத்தம் செய்தால் போதுமா? கழிவு வந்து சேருவது நிற்க வேண்டாமா? அதற்காகவே சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. கழிவுநீரை அப்படியே ஆற்றில் விட்டால், அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் பெருகி நீரிலுள்ள பிராணவாயுவைத் தீர்த்துவிடும். மீன் மடியும், நீர் நாறும். அந்த வேலையை நிலையத்தின் தொட்டிக்குள்ளேயே முடித்துவிடுகிறார்கள். கம்பித் தடுப்பில் குப்பை நிற்கிறது. கசடு அடியில் படிகிறது. பிறகு காற்றைச் செலுத்தி, நுண்ணுயிர்களைக் கொண்டே அழுக்கைத் தின்னச் செய்கிறார்கள். அவையும் படிந்தபின் தெளிந்த நீர் வெளியேறுகிறது. 1961-ல் உலு பாண்டானிலும், 2009-ல் சாங்கியிலும் திறக்கப்பட்ட நிலையங்கள் இதற்கென அமைந்தவையே.

ஆனால் சகோதரர்களே, நம் ஊரில் தண்ணீர் போகும் வழி இரண்டு. கடைக்குள் கழுவு தொட்டியில் ஊற்றியது குழாய் வழியே நிலையத்துக்குப் போகும். வாசலிலுள்ள மழைநீர்க் கால்வாயில் ஊற்றியது எந்த நிலையத்துக்கும் போவதில்லை. சிராங்கூன் ரோட்டுப் பக்கத்து மழைநீர் ரோச்சோர் கால்வாய் வழியே மரினா நீர்த்தேக்கத்தில் சேருகிறது. 2008-ல் மரினா அணை திறக்கப்பட்டது. அந்த நீர்த்தேக்கம் இன்று நம் குடிநீருக்கானது. இரவில் கடையைக் கழுவி, எண்ணெய்த் தண்ணீரை வாசலில் கொட்டுகிறவர் எங்கே கொட்டுகிறார்? தம் பிள்ளைகள் குடிக்கும் நீரில், நாம் ஒளுச் செய்யும் நீரில் கொட்டுகிறார்!

அதற்காகப் பொரித்த எண்ணெயைக் கழுவு தொட்டியிலும் ஊற்றலாகாது. அது குழாயில் உறைந்து அடைத்தால் கழிவுநீர் தெருவில் பொங்கி, அதே கால்வாயில்தான் விழும். சாப்பாட்டுக் கடை வைத்திருப்போர் எண்ணெய்க் கசடு பிடிக்கும் தொட்டியைத் தவறாமல் சுத்தம் செய்விக்க வேண்டும். பழைய எண்ணெயைக் கலனில் சேர்த்து, எடுத்துச் செல்வோரிடம் ஒப்படைக்க வேண்டும். "வேலையாள்தானே ஊற்றினான்" என்று முதலாளி தப்ப இயலாது. தம் பொறுப்பிலுள்ளவர்களைப் பற்றி ஒவ்வொருவரும் விசாரிக்கப்படுவார் என்பது நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய நெறியல்லவா?

தராசில் குறைத்தால் ஹராம் என்று அஞ்சுகிற வணிகர்கள் நாம். எடையில் குறைத்தவர், வாங்கியவரைத் தேடிப் பிடித்து ஈடு செய்து மன்னிப்புக் கேட்கலாம். அடியார்களின் ஹக்கை அவர்கள் மன்னித்தாலன்றித் தீராது என்பதை அறிவோம். ஊரார் எல்லாரும் குடிக்கும் நீரைக் கெடுத்தவர் யார் யாரைத் தேடிப் போவார்?

இன்றிரவு கடையை அடைக்குமுன், வாளி எங்கே கவிழ்கிறது என்று நீங்களே நின்று பாருங்கள். நம் கைகளால் பிறருக்குத் தீங்கு நேராமல் அல்லாஹ் காப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.