வாக்கு எந்த ஊருக்கு உரியது?

மனிதனுக்கு ஊர் இரண்டு இருக்கலாம், வாக்கு ஒன்றே. பிறந்த மண்ணில் பெற்றோரின் அடக்கத்தலமும், பிழைக்க வந்த மண்ணில் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் இருக்கையில், அந்த ஒரு வாக்கை எங்கே பதிவு செய்வது? இது அலுவலகத்துக் கேள்வி மட்டுமன்று. ஒழுக்கம் பற்றிய கேள்வியும் ஆகும்.

சென்னையின் மேற்குப் புறநகரில் வாழ்வோருக்கு இக்கேள்வி மிக நெருக்கமானது. ஆவடியில் 1961-இல் கனரக ஊர்தித் தொழிற்சாலை அமைந்தது. அதே பத்தாண்டில் அம்பத்தூரில் தொழிற்பேட்டை எழுந்தது. வேலை நாடித் தொலைமாவட்டங்களிலிருந்து வந்தோர் பூந்தமல்லி வரை குடியேறினர். ஆண்டுகள் பல உருண்டும், தம் பெயரைப் பிறந்த ஊரின் பட்டியலிலேயே வைத்திருப்போர் உளர். "சொந்த ஊரை விட்டுக்கொடுப்பதா?" என்பது அவர்கள் கேள்வி. அதில் உள்ள அன்பை நாம் குறை கூறவில்லை. ஆனால், வாக்கு அன்பின் அடையாளந்தானா?

1950-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், ஒருவர் வழக்கமாக வசிக்கும் தொகுதியிலேயே பெயரைப் பதியச் சொல்கிறது. ஓர் ஊரில் வீடு சொந்தமாக இருப்பதனாலேயே ஒருவர் அங்கு வசிப்பவர் ஆகிவிடார் என்றும் அது தெளிவாக்குகிறது. இரு தொகுதிகளில் பெயர் வைத்திருக்கவும் இடமில்லை. பதிவுக்காகத் தெரிந்தே பொய் உறுதி தருவது ஓராண்டு வரை சிறைக்குரிய குற்றம்.

பயணிக்கும் குடியிருப்போனுக்கும் உள்ள வேறுபாடு நமக்குப் புதிதன்று. பயணத்தில் இருப்பவர் தொழுகையைச் சுருக்கிக்கொள்கிறார். ஓரிடத்தில் பதினைந்து நாள் தங்க எண்ணினாலே ஹனபி மத்ஹபில் அவர் முகீம். ஷாபி மத்ஹபில் நான்கு நாள் போதும். அம்பத்தூரில் இருபது ஆண்டுகளாக முழுத் தொழுகை தொழுதுவரும் ஒருவர், வாக்காளர் பட்டியலில் மட்டும் முஸாபிராகவே இருப்பது எவ்வாறு பொருந்தும்?

வாக்கு ஒரு சாட்சியம். கண்டறிந்தவனே சாட்சி சொல்லத் தகுதியுடையவன். தன் தெருவில் மழைநீர் தேங்குவதையும், குழாயில் நீர் வராததையும் நாள்தோறும் காண்பவர் அவற்றைப் பற்றிச் சாட்சி சொல்லாமல், கேள்வியறிவால் மட்டுமே அறிந்த ஊருக்குச் சென்று தீர்ப்பளிக்கிறார். அத்தீர்ப்பின் நன்மை தீமைகளைச் சுமப்பவர்களோ அங்கே வாழும் மக்கள். சுமையைத் தாங்காதவர் சுமையை ஏற்றுவது நீதியாகுமா? இங்கே சாட்சியத்தை மறைப்பது ஒரு பிழை. அங்கே காணாததற்குச் சாட்சி சொல்வது மற்றொரு பிழை.

இன்னொன்றும் எண்ணத்தக்கது. 2001-ஆம் ஆண்டின் மக்கள்தொகையைக் கொண்டு 2008-இல் முடிவான மறுவரையறையால் ஆவடி, அம்பத்தூர், மதுரவாயல் ஆகியவை புதிய தொகுதிகளாயின; 2011-இல் முதன்முறையாகச் சட்டமன்றத்துக்கு உறுப்பினரை அனுப்பின. குடியேறி வந்தோரின் தலைகளையும் எண்ணியே இத்தொகுதிகள் பிறந்தன. எண்ணிக்கைக்கு இங்கும், வாக்குக்கு வேறிடத்தும் இருப்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் குறையன்றோ?

2025 நவம்பரில் தமிழகத்தில் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. டிசம்பரில் வந்த வரைவில் ஏறத்தாழ 97 லட்சம் பெயர்கள் இல்லை. அவற்றுள் பெரும்பகுதி இடம் மாறியோர் எனக் காட்டப்பட்டவை. இந்நிலையில் நம் பெயர் எங்கே இருக்கிறது, இருக்கிறதா என்பதை அறிவது ஒவ்வொரு குடும்பத்தின் கடமை. பெண்களின் பெயரில் தனிக் கவனம் வேண்டும். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலின்போது, சொந்தப் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிந்த ஏறத்தாழ 28 லட்சம் பெண்கள் பட்டியலிலிருந்து நீங்கினர். இன்று மணமாகி வந்த மருமகளின் பெயர் தாய்வீட்டிலேயே கிடப்பதும் அதற்கு இணையான இழப்பே.

வழி எளியது. பதினெட்டு வயது நிறைந்து முதன்முறை சேர்வோருக்குப் படிவம் 6. குடிமாறியோருக்கும் திருத்தம் வேண்டுவோருக்கும் படிவம் 8. வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமோ, தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலோ அளிக்கலாம். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பின் அத்தேர்தலுக்காகப் பெயர் சேர்க்க இயலாது. அடையாள அட்டை கையில் இருந்தாலும், பட்டியலில் பெயர் இல்லையெனில் வாக்கு இல்லை.

பிறந்த ஊருக்கு நம் அன்பும் உதவியும் என்றும் உரியன. பெருநாளுக்குச் செல்வோம், பெற்றோரின் அடக்கத்தலத்தில் நின்று துஆச் செய்வோம், ஊர் மதரஸாவுக்குக் கொடுப்போம். இவற்றில் எதற்கும் வாக்காளர் பட்டியல் தேவையில்லை. வாக்கு மட்டும், நாம் யாரோடு ஒரே தெருவில் நடக்கிறோமோ, அவர்களுக்குச் சேரவேண்டிய அமானிதம். அதை உரிய இடத்தில் ஒப்படைப்போமாக.