அட்டையில் யார் பெயர்?

எங்கள் வீட்டில் மின்கணக்கு அட்டை சாமி படத்துக்குப் பின்னால் செருகப்பட்டிருக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்க ஆள் வரும்போது அம்மாதான் எடுத்துக் கொடுப்பார். போன முறை எத்தனை யூனிட், இந்த முறை எத்தனை என்பது அவருக்கு மனப்பாடம். ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் அவர் குரல் தெருமுனைவரை கேட்கும். கிரைண்டர் போடும் நாளையும் இஸ்திரி போடும் நாளையும் கணக்குப் பார்த்துத்தான் வகுப்பார். அட்டையில் இருந்ததோ அப்பாவின் பெயர். அப்பா இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் அவர் பெயரில்தான் அம்மா கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறார்.

தமிழில் ‘பேணுதல்’ என்று ஓர் அழகான வினை உண்டு. குழந்தையைப் பேணலாம், நோயாளியைப் பேணலாம், விருந்தைப் பேணலாம். நாம் ‘வளங்குன்றா வளர்ச்சி’ என்று எழுதுவதை இலங்கைத் தமிழர்கள் ‘பேண்தகு அபிவிருத்தி’ என்கிறார்கள். எனக்கு அவர்களுடைய சொல்தான் பிடித்திருக்கிறது. வீட்டுக்குள் பெண்கள் சத்தமில்லாமல் செய்துவரும் வேலையின் பெயர் அதில் ஒளிந்திருக்கிறது. இன்று மின் நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளில் இந்தக் கருத்து நிரம்பி வழிகிறது. பூமியைப் பேணுகிறோம், வருங்காலத்தைப் பேணுகிறோம் என்கிறார்கள். படிக்கும்போது எனக்கு ஒரே கேள்விதான் எழுகிறது: பேணும் கடமை ஒருவரிடமும் முடிவெடுக்கும் உரிமை வேறொருவரிடமும் இருந்தால், அந்த ஏற்பாட்டை அறம் என்று சொல்ல முடியுமா?

இந்தக் கேள்வியைச் சொற்களில் மட்டும் சுழற்றாமல் ஒரு ஊரின் வழியாகப் பார்க்கலாம். ஜெர்மனியின் தென்மேற்கே, கருங்காட்டு மலைப்பகுதியில் ஷோனாவ் என்றொரு சிற்றூர் இருக்கிறது. மக்கள்தொகை சுமார் 2,500. 1986 ஏப்ரல் 26 அன்று செர்னோபில் அணு உலை வெடித்த சில நாட்களில் அதன் கதிரியக்கம் மழையோடு தெற்கு ஜெர்மனியில் இறங்கியது. கீரை வாங்கலாமா, பால் கொடுக்கலாமா, குழந்தையை மணலில் விளையாட விடலாமா என்ற கேள்விகள் அரசாங்கத்துக்குப் போகும் முன்பே அடுப்படிக்கு வந்தன. எங்கோ யாரோ எடுத்த முடிவின் நச்சு, பேணுகிறவர்களின் கையில்தான் முதலில் வந்து விழுந்தது.

அந்த ஊரில் உர்சுலா ஸ்லாடெக் என்ற பெண் இருந்தார். ஆசிரியப் பயிற்சி பெற்றவர், ஐந்து குழந்தைகளின் தாய். கணவர் மைக்கேல் ஊர் மருத்துவர். அவர்களும் வேறு சில பெற்றோர்களும் சேர்ந்து, அணுசக்தி இல்லாத எதிர்காலத்துக்காக ஒரு சிறு குழுவைத் தொடங்கினார்கள். முதலில் செய்தது, நம் அம்மாக்கள் காலங்காலமாகச் செய்ததுதான்: சிக்கனம். யார் வீட்டில் மின்சாரம் அதிகம் மிச்சமாகிறது என்று ஊரில் போட்டி வைத்தார்கள். தேவை குறைந்தால் உலைகளும் குறையும் அல்லவா?

இங்கேதான் முட்டுக்கட்டை. அப்பகுதிக்கு மின்சாரம் வழங்கிவந்த நிறுவனத்திடமிருந்து இந்த முயற்சிக்கு ஆதரவு கிடைக்கவில்லை. அதில் வியப்பும் இல்லை. மின்சாரம் அதிகம் விற்றால் லாபம் என்று கட்டப்பட்ட வியாபாரத்துக்குச் சிக்கனம் என்பது நஷ்டம். குடும்பப் பெண்ணிடம் சிக்கனத்தைப் போதிக்கும் உலகம்தான், விற்பனை வளர வேண்டும் என்றும் கணக்குப் போடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கின்றன. அந்த முரண்பாட்டைத் தாங்கும் தோள் மட்டும் வீட்டுக்குள் இருக்கிறது.

ஷோனாவின் குழு அந்த இடத்தில் நின்றுவிடவில்லை. ஊரின் மின்கம்பிகளைப் பயன்படுத்தும் உரிம ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே, அதை இருபது ஆண்டுகளுக்குப் புதுப்பித்துக்கொள்ள நிறுவனம் முயன்றது. குழு ஊரைக் கூட்டியது. 1991இல் நடந்த வாக்கெடுப்பில் வென்றது. 1994இல் ‘ஷோனாவ் மின் நிறுவனம்’ பிறந்தது. உரிமம் அதற்குக் கிடைத்ததும் எதிர்த்தரப்பு இன்னொரு வாக்கெடுப்பைக் கொண்டுவந்தது. 1996 மார்ச்சில் நடந்த அதிலும் வென்றார்கள், 52.4 விழுக்காட்டில்.

அதற்குப் பிறகு விலை. கம்பிகளுக்குப் பழைய நிறுவனம் கேட்டது 87 லட்சம் மார்க். குழு போட்ட மதிப்போ அதில் பாதிக்கும் குறைவு. பணம் திரட்ட நாடெங்கும் ஒரு பிரச்சாரம் நடந்தது. அணு உலையில் ஏற்படும் கோளாறுக்கு அத்துறை வைத்திருந்த சொல்லை எடுத்து, சாதாரண மனிதர்களின் புகைப்படங்களோடு, அந்தக் கோளாறே நான்தான் என்று அவர்களைச் சொல்ல வைத்தார்கள். அடங்காதவள், ஒத்துவராதவள் என்று நம்மைச் சொல்லும் சொற்களை எடுத்து நாமே அணிந்துகொண்டதுண்டே, அது போல. 1997 ஜூலை 1 அன்று ஊரின் மின்வலை ஊராரின் கைக்கு வந்தது. வாங்கிய விலை மிக அதிகம் என்று பின்னாளில் நீதிமன்றம் சொன்னது. ஒரு பகுதிப் பணம் திரும்பக் கிடைத்தது.

உடைமை கைக்கு வந்ததும் வியாபாரத்தின் முகம் மாறியது. அணு, நிலக்கரி நிறுவனங்களோடு தொடர்பில்லாத உற்பத்தியாளர்களிடம் மின்சாரம் வாங்கினார்கள். யூனிட்டுக்கு ஒரு சிறு தொகை கூடுதலாகப் பெற்று, புதிதாகச் சூரியத் தகடு அமைப்பவர்களுக்கு உதவினார்கள். ஊருக்குள் வெப்பக் குழாய்களும் போட்டார்கள். பெரிய அனல்மின், அணுமின் நிலையங்களில் எரிபொருளின் ஆற்றலில் பாதிக்கும் மேல் வெறும் வெப்பமாக ஆற்றிலும் காற்றிலும் கலந்துவிடுகிறது. வீடுகளின் பக்கத்திலேயே சிறிய அளவில் மின்சாரம் எடுத்தால், அந்த வெப்பத்தைக் குளிர்காலத்தில் வீடுகளுக்குள் அனுப்பலாம். கணக்கில் ஏறாததைக் கழிவு என்று எழுதிவிடுவது பொருளாதாரத்தின் பழைய பழக்கம். வீட்டு வேலைக்குக் கூலி எழுதாத பேரேட்டை அறிந்த நமக்கு இது புதிதல்ல.

ஆனாலும் இந்தக் கதையைக் கொண்டாடி முடிக்க எனக்குத் தயக்கம் இருக்கிறது. முதலாவது, தாய்மை. குழந்தைகளுக்காகப் பேசும்போதுதான் பெண்ணின் அரசியல் மன்னிக்கப்படுகிறது. தாயாக வந்தால் கும்பிடும் ஊர், குடிமகளாக வந்தால் முகம் திருப்புகிறது. பிள்ளை பெறாத பெண்ணுக்கும் கதிரியக்கத்தைப் பற்றிப் பேச உரிமை வேண்டும். இரண்டாவது, பணம். பங்கு வாங்கச் சேமிப்பு வேண்டும், கூட்டத்துக்கு வர நேரம் வேண்டும். மாலை வேலைக்குப் போகும் துப்புரவுப் பெண் எந்தப் பங்கை வாங்குவாள்? மூன்றாவது, அந்த 52.4. ஏறக்குறைய பாதி ஊர் மறுபக்கம் நின்றது. அவர்களும் அண்டை வீட்டார்தான்.

இந்த மூன்றையும் யோசித்த பிறகும் என் பதில் மாறவில்லை. அதற்குக் காரணம் ஒன்றுதான். உடைமை ஒருவரை நல்லவராக்கிவிடாது, பதில் சொல்ல வேண்டியவராக்கும். 2009இல் அந்த அமைப்பு கூட்டுறவாக மாறியது. கூட்டுறவில் பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்கு. பங்கே இல்லாத துப்புரவுப் பெண்ணைப் பற்றிய கேள்வியை அங்கே எழுந்து நின்று கேட்கலாம். கேள்வி கேட்க அரங்கம் இருப்பது, பதில் சரியாக இருப்பதைவிட முந்தைய தேவை. தாயாக உள்ளே வந்தவர்கள் தாயாகவே வெளியேறவில்லை என்பதும் முக்கியம். கணக்கு படித்தார்கள், சட்டம் படித்தார்கள், நிறுவனம் நடத்தினார்கள். 2011இல் உர்சுலாவுக்குக் கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கிடைத்தது, ஒரு நிறுவனத்தைக் கட்டி நடத்தியதற்காக.

அதே 2011இல் இடிந்தகரையில் பெண்கள் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். கூடங்குளம் உலைக்கு எதிராக, பீடி சுற்றியபடியே, பிள்ளைக்குச் சோறூட்டியபடியே. அவர்கள் கேட்டதும் செர்னோபில் மழை ஷோனாவில் கேட்ட அதே கேள்விதான். மீனுக்கு என்ன ஆகும், பிள்ளைக்கு என்ன ஆகும். அவர்களுக்கு வாக்கெடுப்பு கிடைக்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குதான் கிடைத்தது. 2013இல் உலை இயங்கத் தொடங்கியது. அணுசக்தி வேண்டுமா வேண்டாமா என்பதில் என் மாணவிகளுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு, இருக்கட்டும். கடலைப் பேணுகிறவளிடம் யாரும் கேட்கவில்லை என்பதில் கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை.

இதை வகுப்பில் பேசியபோது ஒரு மாணவி கேட்டாள்: “அப்படியென்றால் நாங்கள் விளக்கை அணைக்க வேண்டாமா, மேடம்?” அணைக்கத்தான் வேண்டும். சிக்கனம் நல்ல பண்பு. ஆனால் அதிகாரம் இல்லாதவரிடம் மட்டும் எதிர்பார்க்கப்படும் பண்பு, பண்பின் வேடம் போட்ட ஏவல். யார் அணைப்பது என்று கேட்கும் கையோடு, எதை எரித்து இந்த விளக்கு எரிகிறது, அதை முடிவு செய்தது யார் என்றும் கேட்க வேண்டும்.

சென்ற விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தபோது, இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்றிவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். “இத்தனை வருஷமா கட்டுறது நான்தானே, பேரு எதுக்கு?” என்றார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். மறுநாள் காலையில் காபி ஆற்றிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்: “அந்த விண்ணப்பத்த வாங்கிட்டு வா. என்னதான் கேக்குறாங்கன்னு பாப்போம்.”