பரீட்சைக்கு ஓர் உண்மை, வாழ்வுக்கு வேறோர் உண்மையா?

புத்தளம் களப்பின் கரையோரத்துப் பாடசாலையொன்றில் உயர்தர உயிரியல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. பாடம் கூர்ப்பு, தமிழகத்தார் பரிணாமம் என வழங்குவது. ஆசிரியர் டார்வினின் இயற்கைத் தேர்வுக் கொள்கையைக் கரும்பலகையில் ஒழுங்காக எழுதினார். மாணவர் அதனை ஒழுங்காகவே பார்த்தெழுதினர். பாடம் முடியுந் தறுவாயில் மாணவி ஒருத்தி எழுந்து, “இது உண்மைதானா, சேர்?” என்று கேட்டாள். ஆசிரியர் புன்னகை செய்தார். “பரீட்சைக்கு எழுதுங்கள், மனத்தில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை” என்றார். வகுப்பு சிரித்தது, மணி அடித்தது, பாடம் முடிந்தது.

அவ்வகுப்பில் இருந்த ஒருவர் வாயிலாக இதனை நாம் கேட்டோம். ஆசிரியராயிருக்கும் நம் வாசகர் பலருக்கு இக்காட்சி புதிதாயிராது. அந்த ஆசிரியரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நமது நோக்கமன்று. அவர் பாடத்திட்டத்தை மீறவில்லை. ஒரு வரியைத்தானும் விட்டுவிடவுமில்லை. ஆயினும் அந்த வகுப்பறையிலிருந்து ஏதோ ஒன்று வெளியேற்றப்பட்டுவிட்டது. அஃது யாது என்பதே நம் முன்னுள்ள வினா.

உலகின் பிற பகுதிகளில் கூர்ப்புப் பாடத்துக்கு எதிராக இரு வழிகள் கையாளப்பட்டு வந்துள்ளன. ஒன்று, பாடத்தை நீக்கிவிடுவது. 2017இல் துருக்கி அரசு உயர்நிலைப் பள்ளிப் பாடத்திட்டத்திலிருந்து கூர்ப்பை அகற்றியது. அது மாணவர்க்கு விளங்காது என்று காரணமுங் கூறிற்று. மன்னார்க் குடாவுக்கு அப்பால், இந்தியாவில், 2018இல் மத்திய அரசின் கல்வித்துறை இணையமைச்சர் சத்தியபால் சிங், குரங்கு மனிதனாக மாறியதை எவருங் கண்டதில்லை. ஆதலால் டார்வின் கொள்கை பிழையானது என்றார். அந்நாட்டின் மூன்று விஞ்ஞானக் கழகங்கள் ஒன்றுகூடி அதனை மறுத்தன. எனினும் 2023இல் வெளிவந்த பத்தாம் வகுப்பு விஞ்ஞான நூலில், பாரம்பரியமும் கூர்ப்பும் என்றிருந்த அத்தியாயம் பாரம்பரியம் என்று மட்டும் குறுகிவிட்டது. பெருந்தொற்றுக்குப் பின் மாணவரின் சுமையைக் குறைத்தோம், பன்னிரண்டாம் வகுப்பில் அப்பாடம் இருக்கின்றது என்று நூலை வெளியிட்ட நிறுவனம் விளக்கமளித்தது. 1,800க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையொப்பமிட்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். அவர்களது வாதத்தின் உயிர்நாடி எளிது. பத்தாம் வகுப்பே எல்லாப் பிள்ளைகளும் விஞ்ஞானம் பயிலும் இறுதி ஆண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலைத் தெரிந்தெடுப்போர் சிலரே. மருத்துவராகப் போகும் பிள்ளைக்குக் கூர்ப்புக் கிடைக்கும். உழவராகவும் தொழிலாளராகவும் போகும் பிள்ளைக்குக் கிடையாது. சுமை குறைப்பு யார் தலையிலிருந்து எதனை இறக்குகின்றது என்பதை நாம் நோக்குதல் வேண்டும்.

இரண்டாவது வழி, நீக்காமல் பக்கத்தில் ஒன்றைச் சேர்ப்பது. உயிர்களின் நுட்பமான அமைப்பு ஓர் அறிவாளியின் திட்டமின்றித் தோன்றியிருக்க முடியாது என்னும் ‘அறிவார்ந்த வடிவமைப்பு’ வாதத்தை விஞ்ஞானத்தின் பெயராலேயே வகுப்பறைக்குக் கொணர்வது இவ்வழி. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து டோவர் என்னும் சிற்றூரில், 2004இல் பாடசாலைச் சபை, கூர்ப்பில் இடைவெளிகள் உள்ளன, வடிவமைப்பு வாதமும் உண்டு என்று கூறும் அறிக்கையொன்றை ஒன்பதாம் வகுப்பில் வாசிக்குமாறு கட்டளையிட்டது. பெற்றோர் பதினொருவர் வழக்குத் தொடுத்தனர். 1987இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம் படைப்புக் கொள்கையை விஞ்ஞானமெனக் கற்பித்தல் ஆகாது என்று தீர்ப்பளித்திருந்தது. அத்தீர்ப்பின் பின், வடிவமைப்பு வாதிகளின் பாடநூல் வரைவிலே ‘படைப்பு’ என்றிருந்த இடங்களிலெல்லாம் ‘வடிவமைப்பு’ என்று சொல்லை மட்டும் மாற்றியிருந்தமை டோவர் விசாரணையில் அம்பலமாயிற்று. 2005 டிசம்பர் 20ஆந் திகதி நீதிபதி ஜோன் ஜோன்ஸ், இவ்வாதம் விஞ்ஞானமன்று எனத் தீர்ப்பளித்தார்.

அத்தீர்ப்பினும் நம் மனத்தைத் தொடுவது அதற்கு முன் நிகழ்ந்த ஒன்று. அவ்வறிக்கையை வாசிக்க அப்பாடசாலையின் உயிரியல் ஆசிரியர்கள் மறுத்துவிட்டனர். தாம் உண்மையன்று என அறிந்ததை மாணவர்க்கு உண்மைபோற் கூறுவது தம் தொழிலறத்துக்கு ஒவ்வாது என்றனர். ஈற்றில் நிருவாகிகளே வகுப்புக்கு வந்து வாசிக்க நேர்ந்தது. பொய்யை நாவால் உரைக்க மறுத்த ஆசிரியரையும், உண்மையை நாவால் உரைத்துக் கண்சிமிட்டலால் அழித்த ஆசிரியரையும் அருகருகே வைத்துப் பார்க்குமிடத்து, நமது வினா தெளிவாகின்றது. நீக்குவோர் உண்மையை மறைக்கின்றனர். சேர்ப்போர் அதனைக் கலக்குகின்றனர். கண்சிமிட்டுவோரோ, உண்மை என்பதே பரீட்சைத் தாளில் எழுதிக் கழிக்கப்படும் ஒரு பொருள் எனப் பழக்கிவிடுகின்றனர். முதலிரண்டினாற் கெடுவது ஒரு பாடம்; மூன்றாவதினாற் கெடுவது ஒரு மனச்சாட்சி.

“அவ்வாறாயின், இரு கொள்கைகளையும் பிள்ளைகள் முன் வைத்து அவர்களையே தீர்மானிக்க விடுவது நியாயமன்றோ?” என்று சிலர் வினவுவர். இவ்வினாவை எள்ளி ஒதுக்குதல் தகாது. வடிவமைப்பு வாதம் மூடருடைய வாதமன்று. 1802இல் வில்லியம் பேலி என்னும் ஆங்கிலப் பாதிரியார், பாதையிற் கிடக்கும் கடிகாரமொன்றைக் கண்டால் அதனைச் செய்தவன் ஒருவன் உளன் என்று எண்ணாதார் யார் எனக் கேட்டார். இளமையில் டார்வினும் அவர் நூலை விரும்பிப் பயின்றவரே. கண்ணின் அமைப்பைக் காணும் எவருக்கும் அவ்வியப்பு எழவே செய்யும். ஆனால் வியப்பு விசாரணையின் தொடக்கமேயன்றி முடிவன்று.

இக்களப்பும் கடலும் அவ்விசாரணைக்கு வேண்டிய சான்றினைத் தம்முள் வைத்திருக்கின்றன. ஆவுளியா எனவும் கடற்பசு எனவும் வழங்கப்படும் உயிரினத்தை இக்கரையின் முதியோர் நன்கறிவர். கற்பிட்டிக் குடா முதல் ஆதாம் பாலம் வரையுள்ள கடலில் அது காணப்படுவதை 19ஆம் நூற்றாண்டிலேயே எமர்சன் டெனன்ட் எழுதிவைத்தார். இன்று அது அருகி அழியும் நிலையிலுள்ளது. கடற்புல்லை மேய்ந்து வாழும் அவ்விலங்கு மீனன்று. நுரையீரலால் மூச்சு விடுவது, குட்டிக்குப் பாலூட்டுவது. அதன் துடுப்பின் தோலுக்குள்ளே இருப்பவை யாவை? மேற்கை என்பு ஒன்று, முன்கை என்புகள் இரண்டு, மணிக்கட்டு, ஐந்து விரல்கள்: நம் கையில் உள்ள அதே வரிசை. அதற்குப் பின்னங்கால்கள் இல்லை. ஆயினும் கால்களைத் தாங்குவதற்குரிய இடுப்பென்பின் எச்சம் தசைக்குள் புதைந்து கிடக்கின்றது.

நீந்துவதற்கென்று புதிதாக ஒன்றைத் திட்டமிடும் பொறியியலாளர் துடுப்புக்குள் ஐந்து விரல்களை எதற்காக வைப்பார்? இல்லாத காலுக்கு இடுப்பை எதற்காகச் செய்வார்? வடிவமைப்பு வாதி, “அது அவன் விருப்பம்” என்பார். அவ்விடை எதனையும் விளக்கிவிடும்; ஆதலால் எதனையும் விளக்குவதில்லை. கூர்ப்புக் கொள்கையோ, ஆவுளியாவின் மூதாதை நிலத்தில் நான்கு கால்களால் நடந்தது என்று கூறித் தன்னைச் சோதனைக்கு உட்படுத்துகின்றது. அத்தகைய உயிர்ச்சுவடு யமேக்காத் தீவில் கிடைத்தது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அந்நாற்கால் கடற்பசுவை 2001இல் டாரில் டோம்னிங் விவரித்தார். இன்று வாழும் விலங்குகளுள் ஆவுளியா இனத்துக்கு மிக நெருங்கிய உறவுகளுள் யானையும் ஒன்று என்பதை என்பும் பரம்பரை அலகும் ஒருங்கே சான்று பகர்கின்றன. பிழையென நிறுவப்படக்கூடிய கூற்றே விஞ்ஞானக் கூற்று. எச்சான்றாலும் தோற்காத கூற்று வழிபாட்டுக்குரியதாகலாம், ஆய்வுகூடத்துக்குரியதன்று. இவ்விரண்டையும் ஒரே மேசையில் வைப்பது நடுநிலைபோல் தோன்றும். உண்மையில் அஃது அளவுகோலையே மாற்றிவிடுதலாகும்.

இங்கே நம்பிக்கையின் வினா எழுகின்றது. தலவிலையில் புனித அன்னம்மாளிடம் நேர்த்தி வைப்போரும், பள்ளிவாசலில் தொழுவோரும், முன்னேஸ்வரத்துக்கு நடந்து செல்வோரும் வாழும் கரை இது. கண்சிமிட்டிய ஆசிரியர் அஞ்சியது தம் மாணவரின் இறைநம்பிக்கை உடைந்துவிடும் என்பதனையே ஆகலாம். அவ்வச்சத்தில் அன்பும் உண்டு. ஆனால் அதற்கு அடிப்படை உண்டா? 1950இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர், மனித உடலின் தோற்றம் பற்றிய கூர்ப்பு ஆராய்ச்சியைத் தடை செய்யவில்லை. 1996இல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அதனை வெறும் கருதுகோளினும் மேலானது என ஏற்றார். இஸ்லாமிய அறிஞர் இப்னு கல்தூன் 14ஆம் நூற்றாண்டிலேயே கனிமம், தாவரம், விலங்கு என உயிருலகைப் படிப்படியான தொடராகக் கண்டு, மனிதனுக்கு முந்திய படியில் குரங்கினத்தை வைத்தார். அஃது இன்றைய கூர்ப்புக் கொள்கையன்று. “எல்லாம் எங்கள் நூலில் முன்பே உள்ளது” என்று பெருமை பேசுவதும் மறுப்பின் மறுவடிவமே. எனினும் சிந்தித்தல் பாவமன்று என்று கருதிய மரபுகள் நம்மிடம் உள. இறைவன் உளனா இலனா என்பதை உயிரியல் ஆசிரியர் தீர்த்துவைக்க வேண்டியதில்லை. தம் பாடத்தில் சான்று எதைக் காட்டுகின்றது என்பதை நேராகச் சொன்னாற் போதும்.

நேர்மையை நாம் பிறரிடம் மட்டும் கேட்பதும் அறமாகாது. முற்போக்காளராகிய நம் வீட்டிலும் இக்கறை உண்டு. 1948இல் சோவியத் நாட்டில் லைசென்கோவின் கொள்கை அரச ஆதரவுடன் அரியணை ஏறியது. மெண்டலின் பாரம்பரியவியல் முதலாளித்துவப் பொய் எனத் தள்ளப்பட்டது. அதற்கு ஐந்தாண்டு முன்னரே, உலகெங்கும் பயிர்விதை தேடித் திரட்டிய மாமேதை வவிலோவ் சிறையில் மாண்டிருந்தார். அங்கும் ஆசிரியர்கள் வாயால் ஒன்றையும் மனத்தால் மற்றொன்றையும் சொல்லப் பழகினர். வேதத்தின் பெயரால் செய்யினும் புரட்சியின் பெயரால் செய்யினும், சான்றுக்கு மேல் அதிகாரத்தை ஏற்றும் செயல் ஒன்றேயாம்.

“எவருங் கண்டதில்லை” என்ற வாதத்துக்கு இலங்கையின் வரலாறே விடை தருகின்றது. 1934–35இல் மலேரியா ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொள்ளை கொண்டபோது, சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்து கிராமங்களுக்குச் சென்றனர். அவ்வனுபவம் இந்நாட்டு இடதுசாரி இயக்கத்தின் நாற்றங்கால். பின்னர் டி.டி.டி. தெளிக்கப்பட்டு, 1963இல் நோயாளர் தொகை 17 ஆகக் குறைந்தது. வெற்றி கிட்டிவிட்டதென்று தெளித்தல் தளர்ந்தது. 1968–69இல் நோய் பல லட்சம் பேரைப் பற்றிக்கொண்டது. மீண்டும் தெளித்தபோது மருந்தைத் தாங்கி உயிர்பிழைத்த நுளம்புகளே பெருகின. 1970களில் வேறு மருந்துக்கு மாறவேண்டியதாயிற்று. தாங்குந்தன்மையுள்ள சில பிழைத்து, அவற்றின் வழித்தோன்றல்கள் பெருகுவதே இயற்கைத் தேர்வு. ஒரு தலைமுறையின் கண்முன்னே அது நிகழ்ந்தது. 2016இல் இந்நாடு மலேரியா அற்றதென உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அவ்வெற்றியைக் காக்கப் போகும் பிள்ளை, நுளம்பு மாறும் என்பதைப் பரீட்சைக்காக மட்டுமா அறிந்திருக்க வேண்டும்?

இறுதியாக ஒரு சொல்லைப் பற்றிக் கூறுவோம். உயிரியல் நூலில் ‘இனம்’ என்கின்றோம். அரசியல் மேடையிலும் ‘இனம்’ என்கின்றோம். தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல். இக்குழப்பத்தின் விலையைப் புத்தளம் அறியும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பல்லாயிரவர் இக்கரைக்கே வந்து ஓலைக் கொட்டில்களில் வாழ்வைத் தொடங்கினர். தமிழைப் பேசிய ஒருவரை, தமிழைப் பேசிய மற்றொருவர் ‘வேறு இனம்’ என்று சொல்லித் துரத்திய வரலாறு அது. கூர்ப்பியல் கூறுவதோ, உலகில் இன்று வாழும் மனிதர் அனைவரும் ஓர் இனம். ஆபிரிக்காவில் தோன்றிய ஒரே மூதாதையரின் வழிவந்தோர் என்பதாம்.

இதிலிருந்து அறம் தானாகப் பிறந்துவிடும் என்று நாம் கூறமாட்டோம். உள்ளது எது என விஞ்ஞானம் சொல்லும். செய்யத்தக்கது எது என நாமே தீர்மானிக்க வேண்டும். “தக்கன பிழைக்கும்” என்ற தொடரைக் கொண்டு சுரண்டலுக்கு நியாயங் கற்பித்தோரும் இருந்தனர். ஆனால் ஒருவர் இரத்தம் தூயது, மற்றவர் இரத்தம் தாழ்ந்தது என்னும் பொய்க்கு இயற்கையிடம் சாட்சி கேட்பார்க்கு, இயற்கை அச்சாட்சியைத் தருவதில்லை. இந்த அறிவை மனத்தில் வைத்துக்கொள்ளத் தேவையில்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் உரிமை நமக்கு உண்டா?

அந்த மாணவி கேட்டது பரீட்சை வினாவன்று. “உண்மைதானா?” என்ற அக்கேள்விக்காகவே பாடசாலைகள் கட்டப்படுகின்றன. ஆசிரியர் இவ்வாறு கூறியிருக்கலாம்: “சான்றுகள் இவை, இதுகாறும் அவை இதனையே காட்டுகின்றன. உன் நம்பிக்கையோடு இதனை எவ்வாறு பொருத்துவது என்பது உன் பொறுப்பு. அதில் அவசரம் வேண்டாம். ஆனால் நான் நம்பாத ஒன்றை உனக்குக் கற்பிக்கவில்லை.” இவ்வளவே போதும். அன்று மாலை அவள் களப்போரமாக வீடு திரும்புகையில், தன் கையை ஒருமுறை விரித்து ஐந்து விரல்களையும் பார்த்திருப்பாள். கடலுக்கடியில் புல் மேயும் ஓர் உயிரின் துடுப்புக்குள்ளும் அக்கை இருக்கின்றது என்ற அறிவு, எந்தப் பரீட்சைத் தாளிலும் எழுதிக் கழித்துவிடக் கூடியதன்று.